வெயிலில் மட்டும் நீலம்

சனிக்கிழமை காலையில் வேதகிரி பத்தரின் பட்டறையைத் தோண்டினார்கள். உத்திரமேரூர் கடைத்தெருவில் இருபது வருஷமாக இருந்த பட்டறை. மானாம்பதியிலிருந்து வந்த நான்கு ஆட்கள் கடப்பாரையால் தரையைக் கொத்தினார்கள். அடுப்பை உடைத்துச் சாம்பலைச் சலித்தார்கள். பெயர்த்த மண்ணை வாளித் தண்ணீரில் கரைத்துக் கரைத்துப் பார்த்தார்கள். அவர்கள் தேடியது பதினாலு வைரக் கற்களை. ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

பத்தரின் மனைவி உண்ணாமலை சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் நகை கொடுக்கப் போன கணவர் வீடு திரும்பவில்லை. அவரை மானாம்பதியில் நெல் குடோனில் பூட்டி வைத்திருப்பதாக இந்த ஆட்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. கூட்டத்திலிருந்து முதலில் எதிர்வீட்டு எல்லம்மாள் தயங்கித் தயங்கி வந்தாள்.

"தப்பா நெனச்சுக்காத உண்ணாமல. எம்பொண்ணு கம்மல பத்தவெக்கக் குடுத்திருந்தேனே, அது அப்பிடியே இருந்தாக்கூட பரவால்ல, எடுத்துக் குடுத்துடு."

உண்ணாமலை எடுத்துக் கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள். அப்புறம் மூன்று பேர். மோதிரம், காசுமாலைத் துண்டு, அறுந்த கொடி என்று பெயர் எழுதிக் கட்டி வைத்திருந்த பொட்டலங்கள் ஒவ்வொன்றாகப் போயின. பத்து மணிக்குள் மேசை டிராயர் காலி.

நடந்தது இதுதான். மானாம்பதி துரைராஜ் நிறைய நஞ்சை வைத்திருப்பவர், நெல் மில் முதலாளி. அவர் மகள் ஆதிலட்சுமிக்கு ஐப்பசி முடிவதற்குள் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் ஏழு கல் வைரத் தோடு போடச் சொல்லியிருந்தார்கள். மஞ்சள் ஓடுகிற கல்லை மட்டும் வாங்கிவிடாதே, குடும்பத்துக்கு ஆகாது என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் துரைராஜிடம் சொல்லியிருந்தார்கள். அவர் மனைவி லீலாவதியையும் அழைத்துக்கொண்டு காஞ்சிபுரம் போய், ஜானகிராமன் என்ற வைர வியாபாரியிடம் நீலம் ஓடுகிற கற்கள் வாங்கினார். பொறுக்கியெடுத்த பதினாலு கற்களையும் வைத்துத் தன் கடையிலேயே தோடு கட்டித் தருவதாக வியாபாரி சொன்னார். துரைராஜ்தான் கேட்கவில்லை. தங்கம் நம் கண்ணெதிரில் உருக வேண்டும் என்று, தெரிந்த ஆளான வேதகிரியிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

வேதகிரி தோடு கட்டி முடிக்க ஆறு நாள் ஆனது. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் கொண்டுவந்து தரச் சொல்லியிருந்தாள் லீலாவதி. அவரும் அந்த நேரத்துக்குச் சரியாக சைக்கிளில் போய்க் கொடுத்தார். லீலாவதி சாமி அறையில், நாற்பது வாட்ஸ் குண்டு பல்புக்குக் கீழே பெட்டியைத் திறந்தாள். தோட்டில் பதினாலு கல்லும் விளக்கெண்ணெய்த் துளி மாதிரி மஞ்சளாக இருந்தன.

வீட்டில் நான்கு பேர் பார்த்தார்கள். நான்கு பேருக்கும் மஞ்சள்தான் தெரிந்தது. கொடுத்தது நீலக் கல், வந்தது மஞ்சள் கல். பத்தர் மாற்றிவிட்டார் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

*

சனிக்கிழமை மத்தியானம் உண்ணாமலை மானாம்பதிக்குப் போய்ச் சேர்ந்தாள். வானம் மூடிக்கொண்டு தூறிக்கொண்டிருந்தது. குடோன் கதவைத் திறந்து அவளை உள்ளே விட்டார்கள். நெல் மூட்டைகளுக்கு நடுவில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார் வேதகிரி. உதடு கிழிந்து வீங்கியிருந்தது. சட்டையில் ஒரு கை இல்லை.

"சாப்டீங்களா?"

"குடுத்தாங்க. எறங்கல."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"நான் எடுக்கலமே. எங்கம்மா மேல சத்தியமா எடுக்கல. அவரு குடுத்த பொட்டலத்துல இன்னா இருந்துச்சோ அதத்தான் வெச்சுக் கட்டுனேன்."

"ஆனா மஞ்சளா கீதுன்றாங்களே."

"நானும்தான் பாத்தேன். மஞ்சளாத்தான் கீது. எனக்கே புரியல."

உண்ணாமலை யோசித்தாள். வியாழக்கிழமை மத்தியானம் அவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போயிருந்தாள். ஜன்னல் வெயிலில் சாமணத்தால் ஒரு தோட்டைக் கவ்வி எடுத்து அவளிடம் காட்டினார். அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"நான் பாக்கும்போது நீலமா இருந்துச்சுங்க. நல்லா நீலம். ஆகாசத்துல ஒரு சொட்டு எடுத்து வெச்ச மாதிரி. நீங்க கட்டிக்கினு இருக்கறப்ப நானே பாத்தேன்."

வேதகிரி சட்டென்று நிமிர்ந்தார். அவளைப் பேசாதே என்பதுபோல் கையை உயர்த்தினார். ஆனால் கதவருகில் லீலாவதி நின்றிருந்தாள்.

"கேட்டீங்களா?" என்று அவள் வெளியே பார்த்துக் குரல் கொடுத்தாள். "அவன் பொண்டாட்டியே சொல்றா. பட்டறைல இருந்தப்ப நீலமா இருந்துச்சாம். இங்க வரும்போது எப்பிடி மஞ்சளாச்சு?"

துரைராஜ் வந்தார். அவர் கத்தவில்லை. சோர்ந்து போயிருந்தார். புதன்கிழமை கல்யாணம்.

"நாளைக்கு ஒரு நாள் விடறேன். பொழுது சாயறதுக்குள்ள என் கல்லு எனக்கு வந்துடணும். வரலன்னா திங்கக்கெழம போலீஸ்ல ஒப்படைச்சுடுவேன். உன் புருஷன் வாயத் தெறக்க மாட்டேன்றான். நீயாவது எங்க வெச்சான்னு கேட்டு எடுத்தாந்து குடு."

"ஐயா, அவரு அப்பிடிப்பட்டவரு இல்லங்க."

"நீலமா இருந்துச்சுன்னு நீதானம்மா சொன்ன?"

அவள் வேதகிரியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மூட்டையில் தலையைச் சாய்த்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியெல்லாம் அவளை ஒரே எண்ணம் பிடுங்கித் தின்றது. தன் வாயாலேயே அவரை மாட்டிவிட்டோம். அதைவிட மோசமான இன்னொன்று அதற்கு அடியில் கிடந்தது. அவள் பார்த்தது பொய்யில்லை. நீலமாக இருந்த கல் மஞ்சளாகியிருக்கிறது. அப்படியென்றால் நடுவில் யார் மாற்றியது? பட்டறையில் அவரைத் தவிர வேறு ஆளில்லை. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனைப் பற்றி அப்படி நினைத்தோமே என்று பஸ்ஸிலேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதாலும் அந்த நினைப்பு போகவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் காஞ்சிபுரம் போனாள். கல்யாண மாசம் என்பதால் லீவு நாளிலும் ஜானகிராமன் கடை உண்டு; ஆனால் பதினோரு மணிக்குத்தான் திறந்தார்கள். வாசல் படியில் வெயில் விழுவதும் மறைவதுமாக இருந்தது. அவள் விஷயத்தைச் சொன்னதும் ஜானகிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் குடுத்தது நீலம் ஓடற கல்லு. அவங்களே பாத்துத்தான் எடுத்தாங்க. கடையத் தாண்டினதுக்கப்பறம் நடந்ததுக்கு நான் இன்னாம்மா பண்றது?"

"அதே மாதிரி கல்லு உங்ககிட்ட இன்னும் கீதுங்களா? ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. என் கண்ணுல பாத்துட்டுப் போயிடறேன்."

அவர் யோசித்தார். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்தோ என்னவோ, பெட்டியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே பிரிக்கவில்லை. எழுந்து வெளியே வந்து, வெயில் வரும்வரை காத்திருந்து, படியில் நின்று பிரித்தார். மடித்த வெள்ளைத் தாளில் ஐந்தாறு கற்கள். அதே நீலம். வியாழக்கிழமை அவள் ஜன்னலில் பார்த்தது.

அப்போது உள்ளிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். ஒரு தம்பதி, வேறு பொட்டலத்தை மேசையில் வைத்துக்கொண்டு விலை கேட்டார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த கற்கள் மேசை பல்புக்குக் கீழேயே வெள்ளை வெளேரென்று மின்னின. அந்தக் கற்களை உள்ளேயே காட்டுகிறார், இவற்றைக் காட்ட மட்டும் ஏன் வெளியே வந்தார் என்று உண்ணாமலைக்குத் தோன்றியது. தோன்றிய உடனேயே, அவர் கையிலிருந்த தாளிலிருந்து ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டு கடைக்குள் ஓடினாள்.

"ஏய்! ஏய்! இந்தாம்மா!"

மேசை பல்புக்குக் கீழே கையைத் திறந்தாள். மஞ்சள். விளக்கெண்ணெய்த் துளி.

ஜானகிராமன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கல்லைப் பிடுங்கிக்கொண்டார். மேசையருகில் இருந்த இருவரும் திகைத்துப் போய்ப் பார்த்தார்கள். உண்ணாமலை நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் புருஷன் கல்லை மாற்றவில்லை. அவர் மாற்றவே இல்லை.

வந்தவர்களை அனுப்பிய பிறகு ஜானகிராமன் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"இது கெட்ட கல்லு இல்லம்மா. புரிஞ்சுக்கோ. வெயில்ல நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் இருக்கு. அது பட்டா இந்த ஜாதிக் கல்லு உள்ளேருந்தே நீலமா எரியும். கல்லுல கொஞ்சம் மஞ்சள் இருந்தாலும் அந்த நீலம் மறைச்சுடும். சாதா பல்புல அந்த வெளிச்சம் கெடையாது. அதனால மஞ்சள் வெளிய வந்துடுது. சிலது ரொம்ப எரியும், அப்ப வெயில்லயே பால் ஊத்தினாப்புல மங்கிப் போயிடும். இது அந்த அளவு இல்ல. அளவான கல்லுதான். வெயில்ல போட்டுக்கினா ராணி மாதிரி இருக்கும்."

"இத அவங்க வாங்கறப்ப சொல்லியிருக்கலாமேங்க."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். வைரம் வாங்கறவங்க வெயில்ல ஒரு தரம், பல்புல ஒரு தரம் பாக்கணும். அவங்க வெயில்ல பாத்ததும் சொக்கிப் போயிட்டாங்க. நான் எதுக்கு வேணாம்னு சொல்லணும்?"

"வந்து இத ஒரு வார்த்த சொல்லுங்க. உங்க கால்ல வேணா விழறேன். அவர அடிச்சுப் போட்டிருக்காங்க. நாளைக்குப் போலீஸ்ல குடுத்துடுவாங்க."

"நான் வந்தா கல்லத் திருப்பி எடுத்துக்கோன்னுவாங்க. வர முடியாது."

"ஒரு சீட்டாவது எழுதிக் குடுங்க."

அவர் பெட்டியைப் பூட்டினார். அவள் அவர் காலில் விழுந்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சீட்டு வேண்டாம், ஆள் வேண்டாம். துரைராஜ் வீட்டுப் பெட்டியில் அந்தத் தோடு இருக்கிறது, வானத்தில் வெயில் இருக்கிறது. பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும் என்று பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

இரண்டரை மணிக்குத்தான் பஸ் கிடைத்தது; அதுவும் வழியில் டயர் பஞ்சராகி ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. இறங்கி ரோட்டோரம் நின்றவர்கள் புளியமரத்தடிக்குப் போனார்கள். அவள் மட்டும் வெயிலிலேயே நின்று தன் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிழல் நீண்டுகொண்டே போனது. உத்திரமேரூரில் இறங்கியபோது மானாம்பதி பஸ் போய்விட்டிருந்தது. உரம் ஏற்றிப் போன ஒரு டிராக்டரைக் கைகாட்டி நிறுத்தி, மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தாள். மேற்கே மேகம் திரண்டு நின்றது.

அவள் துரைராஜ் வீட்டு வாசலில் போய் நின்றபோது சூரியன் பனைமர உயரத்துக்கு இறங்கியிருந்தது. மூச்சு வாங்கியது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"தோட்ட வெளிய எடுத்தாந்து பாருங்கய்யா. நான் கிட்டகூட வரல. தொடல. நீங்களே வெயில்ல வெச்சுப் பாருங்க. நீலமா ஆயிடும்."

"தோஷக் கல்லுன்னு பூட்டி வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமைக்கப்பறம் தெறக்கவே இல்ல," என்றாள் லீலாவதி.

துரைராஜுக்கும் நம்பிக்கையில்லை. இருந்தும் பெட்டியைத் திறந்து தோட்டை வெளியே கொண்டுவந்தார். மில் களத்தில் நின்று மேற்குப் பார்த்துக் கையை நீட்டினார். மேகத்தின் ஓரத்திலிருந்து செம்மஞ்சளாக ஒரு வெளிச்சம் வந்து விழுந்தது.

கல் மஞ்சளாகத்தான் இருந்தது.

உண்ணாமலை கிட்டே போகாமலே கையை உயர்த்திக் காட்டினாள். "இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிங்கய்யா." அவர் தூக்கிப் பிடித்தார். மஞ்சள். "இப்பிடித் திருப்புங்கய்யா." திருப்பினார். மஞ்சள். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

"போதும்மா," என்றார் துரைராஜ்.

அவள் களத்து மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "மத்தியான வெயில்ல பாத்தேன்யா. உச்சி வெயில்ல. சாயற வெயில்ல அந்த வெளிச்சம் கொறஞ்சுடுமோ என்னமோ. காஞ்சிபுரத்துல என் கையிலயே மாறிச்சுய்யா..." அவளுக்கே அது பைத்தியக்காரி பேச்சாகக் கேட்டது. பிறகு லீலாவதியின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நீங்க சொல்லுங்க. கல்லு வாங்கறப்ப எங்க நின்னு பாத்தீங்க? கடைக்குள்ளயா, வெளியவா?"

லீலாவதி புடவையை விடுவித்துக்கொள்ளப் போனவள் நின்றாள்.

"வெளிய. படியில."

"எத்தன மணி?"

"பன்னண்டு இருக்கும். வெயில் தாங்கலன்னு, உள்ள வெச்சுப் பாக்கலாம்னு நான்கூட கேட்டேன். வைரத்த வெயில்லதாம்மா பாக்கணும்னுட்டான்." அவள் புருஷனைப் பார்த்தாள். "நீங்ககூட என்ன சும்மா இருன்னீங்க."

துரைராஜ் கையிலிருந்த தோட்டை மறுபடி பார்த்தார்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இருக்கட்டும்," என்றாள் லீலாவதி. "அரை நாள்ல ஒண்ணும் கெட்டுடாது. அப்பறம் போலீசக் கூப்புடுங்க."

*

திங்கட்கிழமை காலை வானம் முழுக்க மூடியிருந்தது. உண்ணாமலை குடோன் வாசலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். எட்டு மணி, ஒன்பது மணி, பத்து மணி. பத்தரைக்கு நாலு தூறல் போட்டது. அவள் கும்பிடாத சாமி இல்லை. உள்ளே வேதகிரி இருமுகிற சத்தம் கேட்டது. அவரிடம் போய்ப் பேச அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பதினொன்றரைக்கு மேகம் விலகியது. களத்து ஈரத்தின் மேல் வெயில் சுளீரென்று விழுந்தது.

லீலாவதியே தோட்டை எடுத்துவந்தாள். வாசல் நிழலைத் தாண்டி வெயிலில் கால் வைத்தாள். ஒரு நிமிஷம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பிச் சாமி அறைக்குப் போனாள். மறுபடி வெளியே வந்தாள். மறுபடி உள்ளே போனாள். மூன்றாவது தடவை வெளியே வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"இங்க வந்து பாருங்க," என்று துரைராஜைக் கூப்பிட்டாள். "அன்னிக்குப் பாத்த அதே கல்லு. பாவி, ஒரு பாவமும் அறியாதவன அடிச்சுப் போட்டீங்களே."

துரைராஜ் வெயிலில் பார்த்தார். நீலம். சாமி அறையில் பார்த்தார். மஞ்சள். முகம் செத்துப்போயிற்று. குடோன் சாவியை உண்ணாமலையிடம் அவரே நீட்டினார், கதவைத் திறக்க அவர் போகவில்லை.

வேதகிரி வெளியே வந்தபோது வெளிச்சத்துக்குக் கண் கூசி, கையால் மறைத்துக்கொண்டார். துரைராஜ் எதிரில் வந்தார்.

"பத்தரே, மனசுல வெச்சுக்காதீங்க. பொண்ணு கல்யாணம், பதட்டத்துல..." சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார்.

வேதகிரி அதை வாங்கவில்லை. "பட்டறையில தரைய கொத்தி வெச்சிருக்காங்களாம். ஆள் அனுப்பி அத மட்டும் சரி பண்ணிக் குடுத்துடுங்க," என்றார்.

ஆள் மறுநாளே வந்து தரையை மெழுகிக் கொடுத்துவிட்டுப் போனான்.

கல்யாணம் நடந்தது. முகூர்த்தத்துக்கு முன்பே மாப்பிள்ளையின் அம்மாவைத் தனியாக அழைத்து, கல்லின் குணம் இப்படி என்று லீலாவதி சொல்லிவிட்டாளாம். அந்த அம்மாள் முகம் சுளித்தாலும், பந்தல் வாசலில் பகல் வெயிலில் பெண்ணின் காதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசவில்லையாம். துரைராஜ் ஜானகிராமனிடம் போய்ச் சண்டை போட்டார். அவர் கல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்.

கடைத்தெரு அவ்வளவு சுலபத்தில் மாறவில்லை. கல் மாறவில்லை, வெளிச்சம்தான் மாறியது என்று எத்தனை பேருக்குச் சொல்லிப் புரியவைப்பது? கார்த்திகை முழுவதும் வேதகிரி காலியான டிராயருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மார்கழியில் ஒருநாள் லீலாவதி வில்வண்டியில் வந்து இறங்கினாள். தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி, தெருவே பார்க்க அவர் மேசையில் வைத்து, "இத அழிச்சு வளையலா பண்ணிக் குடுங்க பத்தரே. நான் நின்னு பாக்க மாட்டேன். ஆனப்பறம் சொல்லியனுப்புங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் ஒருவர் இருவராக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லம்மாள் மட்டும் வரவேயில்லை.

அவ்வளவு நாளும் வேதகிரி உண்ணாமலையோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. லீலாவதி வந்துபோன அன்று மத்தியானம் சோறு போடும்போது அவளே ஆரம்பித்தாள்.

"என்மேல கோவமாங்க?"

"எதுக்கு?"

"குடோன்ல நான் அப்பிடிச் சொன்னதுக்கு."

"நீ பாத்தத சொன்ன. அதுல இன்னா தப்பு?" அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அப்பறம் இன்னா நெனச்ச? அதச் சொல்லு."

பொய் சொல்லியிருக்கலாம். அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பஸ்ல வர்றப்ப, எடுத்திருப்பீங்களோன்னு நெனச்சேன். காஞ்சிபுரம் போற வரைக்கும் அந்த நெனப்பு இருந்துச்சு."

வேதகிரி பிசைவதை நிறுத்தினார்.

"அந்தக் குடோன்ல உக்காந்துகினு எனக்கே வந்துச்சுமே அந்த நெனப்பு," என்றார். "தூக்கக் கலக்கத்துல நாமளே எங்கனா மாத்தி வெச்சுட்டமோன்னு. நாலு பேரும் மஞ்சள்னு சொல்றாங்க. நானும் மஞ்சளாத்தான் பாக்கறேன். இன்னா பண்றது?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் போடு," என்றார்.